முன்னே மெல்ல, பின்னே அழுத்தி

நீங்களெல்லாம் இங்கிலீஷை எப்படிப் படித்தீர்களோ எனக்குத் தெரியாது. நாங்கள் வெட்டிப் படித்தோம். சித்தூரில் எங்கள் பெண்கள் பள்ளிக்கூடத்தில் ஒரு வார்த்தையை முழுசாக வாயில் போட்டுக்கொள்ள யாருக்கும் அனுமதி கிடையாது. கரும்பைத் துண்டு போடுகிற மாதிரி போட்டு, ஒவ்வொரு துண்டுக்கும் மேசையில் ஒரு தட்டுத் தட்டி, அப்புறம்தான் சொல்ல வேண்டும். அறுபதைத் தாண்டிய என் வயசுக்காரர்கள் யாராவது அந்தப் பள்ளிக்கூடத்தில் படித்திருந்தால், மர ஸ்கேல் தட்டுகிற சத்தம் இன்னும் காதில் இருக்கும்.

ஆனால் நான் சொல்ல வந்தது இங்கிலீஷைப் பற்றி இல்லை. அந்த வருஷம் டீச்சருடைய டிக்‌ஷனரியிலிருந்து மூன்று தாள் காணாமல் போயிற்று. கிழித்தவள் நான். பழி என் அக்கா மேல் விழுந்தது. கடைசி வரைக்கும் மூடி வைத்திருந்து பெரிய ரகசியம் போல அவிழ்க்க எனக்கு இஷ்டமில்லை. அதான் முதலிலேயே சொல்லிவிட்டேன். இனி நிதானமாகக் கேளுங்கள்.

இங்கிலீஷ் டீச்சருக்குச் சொந்த ஊர் திருப்பதி. சித்தூரில் ஒரு மாடி அறையில் தனியாக இருந்தார். சனிக்கிழமை மத்தியானம் மணி அடித்தால் கறுப்புக் குடையை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடப்பார். திங்கட்கிழமை காலை தலையில் புதுப் பூவோடு வருவார். தெலுங்குக்காரர். எங்கள் தமிழ் செக்‌ஷனில் பாதி தெலுங்கிலும் பாதி தமிழிலும் இங்கிலீஷ் நடத்துவார். எங்களுக்கும் அது ஒன்றும் புதுசு இல்லை. நகரி பக்கத்திலிருந்து பிழைக்க வந்த குடும்பம் எங்களுடையது. வீட்டில் தமிழ், தெருவில் தெலுங்கு, திட்டுவதற்கு இரண்டும்.

உச்சரிப்பை வார்த்தைக்கு அடியில் பென்சிலால் எழுதிக்கொள்வோம். இதில் ஒரு வேடிக்கை, தமிழ்ப் பிள்ளைகள் நாங்கள் அதைத் தெலுங்கு எழுத்தில்தான் எழுதுவோம். தமிழில் இருப்பது ஒரே 'ப'. 'பேட்' என்று எழுதி வைத்தால் அது எந்த பேட் என்று மறுநாள் எழுதினவளுக்கே விளங்காது. டீச்சர் அதைப் பார்த்தால் ரப்பரால் அழிக்கச் சொல்வார். எழுத்தைப் பார்க்காதே, தட்டைக் கேள் என்பார்.

தட்டுவதற்கு ஒரு முறை இருந்தது. சில வார்த்தைகளுக்கு முன்னால் ஒரு சின்னத் துண்டு ஒட்டிக்கொண்டு வருமல்லவா, அன், டிஸ், ரி, இம், மிஸ் என்று? அந்தத் துண்டு வாசலில் வந்து நிற்கும் விருந்தாளியாம். விருந்தாளியிடம் சத்தம் போட்டுப் பேசக் கூடாது. மெல்ல ஒரு தட்டு. வீட்டுக்காரர் பின்னால் இருக்கிறார், அவரை அழுத்திக் கூப்பிட வேண்டும். 'முந்து மெல்லகா, தருவாத கட்டிகா' என்று டீச்சர் தெலுங்கில் சொல்ல, நாங்கள் நாற்பது பேரும் 'முன்னே மெல்ல, பின்னே அழுத்தி' என்று தமிழில் கத்துவோம். அன்-ஹேப்-பி. ரி-டர்ன். டிஸ்-அ-கிரீ. இம்-பா-சி-பிள். திருப்பதியில் ஒரு கல்லூரியில் முப்பது வருஷம் இங்கிலீஷ் சொல்லிக் கொடுத்துவிட்டுச் சொல்கிறேன், அந்த விதியை எல்லா வார்த்தைக்கும் வைத்துப் பார்த்தால் பல இடத்தில் உதைக்கும். அது டீச்சருக்கும் தெரிந்திருக்கும். ஆறாம் கிளாஸ் பிள்ளைகளுக்கு அதற்கு மேல் வேண்டாம் என்று விட்டிருப்பார்.

நான் ஆறாவது, அக்கா ஒன்பதாவது. ஒரே பள்ளிக்கூடம். அக்காவுக்குத் திக்குவாய்.

எல்லா எழுத்திலும் திக்காது. ககரத்திலும் பகரத்திலும் ஆரம்பித்தால் மாட்டிக்கொள்ளும். கழுத்து நரம்பு புடைக்கும், வலது கால் பெருவிரல் தரையை அழுத்தும், கண் மேலே போகும். எதிரே இருப்பவர்கள் பொறுமை இல்லாமல் மீதி வார்த்தையை எடுத்துக் கொடுப்பார்கள். அவர்கள் எடுத்துக் கொடுப்பது பெரும்பாலும் தப்பான வார்த்தையாக இருக்கும். அவள் அதையே ஏற்றுக்கொண்டு தலையாட்டிவிடுவாள். கடலை வாங்கப் போய் கற்பூரம் வாங்கி வந்திருக்கிறாள். அதற்கப்புறம் அம்மா அவளைத் தனியாகக் கடைக்கு அனுப்புவதில்லை. கூட நான் போக வேண்டும், பேசுவதற்கு. எனக்கு விளையாட்டுப் போகிறதே என்று எரிச்சலாக இருக்கும். அதை அவளிடம் காட்டவும் செய்வேன்.

கணக்கில் அவள்தான் முதல். பத்தாவது பாஸ் செய்து டிரெயினிங் முடித்துக் கணக்கு டீச்சராக வேண்டும் என்று ஆசை. அதை எனக்கு எழுதிக் காட்டினாள், சொல்லவில்லை. திக்குவாய்ப் பெண் கிளாஸில் எப்படிப் பாடம் நடத்துவாள் என்று நான் கேட்டேன். பலகையில் எழுதுவேன் என்று எழுதினாள்.

தீபாவளிக்குப் பிறகு ஒரு சாயங்காலம் நான் அரிசி டின்னைத் தட்டிக்கொண்டு பாடம் சொல்லிக்கொண்டிருந்தேன். அக்கா பக்கத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். என்னோடு சேர்ந்து அவளும் வாய்க்குள் சொல்ல ஆரம்பித்தாள். பிறகு வாய்க்கு வெளியே. இம்-பா-சி-பிள். நான் தட்டுவதை நிறுத்திவிட்டு அவள் முகத்தைப் பார்த்தேன். 'பா' நடுவில் சிக்கவே இல்லை. மறுபடி தட்டினேன், மறுபடி சொன்னாள். அப்புறம் நான் குறும்புக்கு, 'கத்-திரிக்-கா' என்று தட்டினேன். 'கத்-திரிக்-கா' என்றாள். பிறந்ததிலிருந்து அந்தக் காயின் பேரை அவள் ஒரே மூச்சில் சொல்லி நான் கேட்டதில்லை. இரண்டு பேரும் சிரித்தோம். கீரையெல்லாம் தரையில் கொட்டிப் போய் அம்மாவிடம் திட்டு வாங்கினோம்.

மெல்லத் தொடங்கி, அப்புறம் அழுத்துவது. அதுதான் அவளுக்கு வேண்டியிருந்தது போலிருக்கிறது. முதல் எழுத்தை முட்டித் திறக்கப் பார்க்காமல் விருந்தாளி மாதிரி மெல்ல விட்டால் பின்னால் வருவது தானாக வந்தது. டீச்சர் இதற்காகச் சொல்லித் தரவில்லை. டீச்சருக்கு இது தெரியவே தெரியாது.

அதிலிருந்து நாங்கள் இரண்டு பேரும் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டோம். அவள் பேச வேண்டிய இடத்தில் நான் பக்கத்தில் நின்று அவள் முதுகில் விரலால் தட்டுவேன். யாருக்கும் தெரியாது. கொஞ்ச நாளில் அவளே தன் தொடையில் தட்டிக்கொண்டு பேசப் பழகினாள். என் விரல் இருந்தால் வேகமாக வரும், அவள் விரல் என்றால் நிதானமாக வரும், அவ்வளவுதான் வித்தியாசம். பொங்கல் லீவு முடிந்து பள்ளிக்கூடம் திறந்த அன்று அட்டெண்டன்ஸ் எடுக்கும்போது, எப்போதும் கையை மட்டும் தூக்குகிறவள், 'பிரெ-சென்ட் டீச்சர்' என்றாளாம். கிளாஸ் முழுக்கத் திரும்பிப் பார்த்ததாம். அதை என்னிடம் வந்து சொல்லும்போது அவள் பட்ட சந்தோஷத்தை நான் அதற்கப்புறம் அவளிடம் பார்க்கவில்லை.

நைனாவிடம், அதாவது அப்பாவிடம், நாங்கள் இந்தத் தட்டு விஷயத்தைச் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம். நைனா வெல்ல மண்டியில் எடை போடுகிறவர். உடம்பெல்லாம் வெல்ல வாசனை, வீட்டுக்குள் நுழைந்தால் நாலு ஈயும் கூட நுழையும். அதிகம் பேச மாட்டார். ஒரு நாள் சாப்பிடும்போது அக்கா, 'நைனா, கு-ழம்பு போடட்டா?' என்று கேட்டாள். நைனா கையில் எடுத்த சோற்றை அப்படியே வைத்திருந்தார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. காணிப்பாக்கத்துப் பிள்ளையாருக்கு வேண்டிக்கொண்டிருந்தாராம், பெண்ணுக்கு நாக்குத் திரும்பினால் மொட்டை போடுகிறேன் என்று. அம்மாவுக்குக்கூட அது தெரியாது. மண்டியில் அப்போது சீசன். சுற்று வட்டாரத்து வெல்லமெல்லாம் வந்து இறங்குகிற நேரம். சீசன் முடியட்டும், போய்ப் போட்டுவிட்டு வருகிறேன் என்றார்.

அது பிள்ளையார் இல்லை, அரிசி டின் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவ்வளவு சந்தோஷமாக இருந்தார்.

இனி டிக்‌ஷனரி. டீச்சர் அதைக் கறுப்பு ரெக்சின் துணியில் சுற்றி வைத்திருப்பார். ஓரத்தில் படிப்படியாகக் கட்டை விரல் வைக்கக் குழி வெட்டி, குழிக்கு ஒரு எழுத்து போட்டிருக்கும். தாள் வெங்காயச் சருகு மாதிரி இருக்கும். புரட்டினால் ஒரு பழைய மர அலமாரி வாசனை வரும். உள்ளே ஒவ்வொரு வார்த்தையும் புள்ளி வைத்து வெட்டப்பட்டிருக்கும். எங்கே அழுத்த வேண்டுமோ அங்கே ஒரு சின்னக் கோடு. உலகத்து வார்த்தைகளையெல்லாம் யாரோ உட்கார்ந்து எங்களுக்காகத் தட்டி வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். ஸ்டாஃப் ரூமிலிருந்து அதைக் கிளாஸுக்குத் தூக்கி வருகிற வேலை அக்காவுடையது. இந்தப் பெண் வழியில் நின்று வம்பு பேச மாட்டாள் என்று டீச்சரே அவளைப் பொறுக்கி எடுத்திருந்தார்.

மாசி மாதம், ஒரு மத்தியானச் சாப்பாட்டு வேளை. அக்கா தட்டைக் கழுவக் குழாய்க்குப் போனாள். டிக்‌ஷனரி ஒன்பதாம் கிளாஸ் மேசை மேல் இருந்தது, கிளாஸில் வேறு யாரும் இல்லை. நான் உள்ளே போய் 'அன்' வார்த்தைகள் இருக்கும் இடத்தைப் பிரித்தேன். வரிசையாகப் பக்கம் பக்கமாக அன், அன், அன். எல்லாம் மெல்லத் தொடங்கும் வார்த்தைகள். அக்காவுக்கு இது கிடைத்தால் போதும், வாழ்க்கை முழுக்கப் பழகலாம் என்று தோன்றியது. காப்பி எழுதினால் முடியாது. மூன்று தாளைப் பிடித்து இழுத்தேன். அந்தச் சத்தத்துக்கு நானே பயந்துவிட்டேன். மடித்துப் பாவாடை இடுப்பில் செருகிக்கொண்டு ஓடினேன்.

சாயங்காலம் பெருமையாகக் கொண்டுபோய் அக்காவிடம் கொடுத்தேன். அவள் சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். முகம் வெளுத்துப்போயிற்று. தொடையில் தட்டித் தட்டி, நாளைக்கே திரும்பக் கொண்டுபோய் வைத்துவிடு, சோற்றுப் பசை போட்டு ஒட்டிவிடலாம் என்றாள். சரி என்றேன். மறுநாள் தைரியம் வரவில்லை. அதற்கு மறுநாள் டீச்சரே பார்த்துவிட்டார். அன்றைக்குச் சாயங்காலம் நான் செய்த முதல் காரியம், அந்தத் தாளை வெந்நீர் அடுப்பில் போட்டதுதான். பிடித்ததும் தெரியவில்லை, எரிந்ததும் தெரியவில்லை.

டீச்சர் அடிக்கவில்லை. அக்காவைக் கூப்பிட்டு, உன்னைத் தவிர யார் கையிலும் இது போவதில்லை, எடுத்தாயா என்று மூன்று தடவை கேட்டாராம். எல்லோருக்கும் முன்னால் திடீரென்று கேட்டால் யாருக்குத்தான் வாய் வரும்? அவளுக்குப் பழைய திக்கு வந்து பிடித்துக்கொண்டது. நரம்பு புடைத்ததையும் கண் மேலே போனதையும் டீச்சர் வேறு விதமாக எடுத்துக்கொண்டார். நைனாவைக் கூட்டி வரச் சொல்லி ஹெட்மாஸ்டர் சீட்டு எழுதிக் கொடுத்தார். பெண் ஒப்புக்கொள்ளாவிட்டால் டி.சி. கொடுத்துவிடுவோம் என்று சீட்டில் இருந்தது. பரீட்சைக்கு இன்னும் ஒரு மாதம்தான். நடுவில் டி.சி. வாங்கின பெண்ணை எந்தப் பள்ளிக்கூடமும் சேர்க்காது. அத்தோடு படிப்பு முடிந்தது என்று அர்த்தம்.

இந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டும். ஏன் சொல்லவில்லை? அடிக்குப் பயம் என்றால் நீங்கள் மன்னித்துவிடுவீர்கள். அடிக்குப் பயம் இல்லை. நைனா எங்கள் மேல் கை நீட்டினதே கிடையாது. இன்ஸ்பெக்டர் வரும்போது இங்கிலீஷ் வாசிக்க டீச்சர் என்னைத்தான் தேர்ந்தெடுத்திருந்தார். ஆறாம் கிளாஸில் இவள் மாதிரி உச்சரிப்பு யாருக்கும் இல்லை என்று என் கன்னத்தைத் தட்டியிருந்தார். அந்தக் கன்னத்தை நான் இரண்டு நாள் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். டீச்சர் என்னை நல்லவள் என்று நினைப்பது எனக்கு வேண்டியிருந்தது. அவ்வளவு அற்பமான காரணம்.

நைனா பள்ளிக்கூடத்துக்கு வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். ஹெட்மாஸ்டர் அறையில் நாற்காலி காட்டியும் உட்காரவில்லை. நான் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

"எம் பொண்ணு எடுக்கல சார். நான் ஏன் வாயால சொல்லணும்? காணிப்பாக்கத்துல நிக்க வெக்கறேன், அவளே சொல்லுவா. டீச்சரம்மாவும் வரட்டும்."

எங்கள் பக்கத்தில் இதற்கு மேல் கோர்ட்டு கிடையாது. காணிப்பாக்கத்துக் கிணற்றுப் பிள்ளையார் சத்தியத்துக்குப் பேர் போனவர். குளத்தில் முழுகி, ஈரத்துணியோடு போய், சந்நிதி முன்னால் தனியாக நின்று சொல்ல வேண்டும். சொல்கிறவரை யாரும் தொடக் கூடாது. பொய் சொன்னால் நாக்கு நின்றுவிடும் என்று எங்கள் பெரியவர்களெல்லாம் நம்பினார்கள். டீச்சரும் நம்பினார். தெலுங்கில், அவள் அங்கே நின்று சொல்லிவிட்டால் எனக்கு அதற்கு மேல் ஒன்றும் வேண்டாம், டிக்‌ஷனரி போனால் போகிறது என்றார். ஹெட்மாஸ்டரும் சரி என்றார்.

இப்போது யோசித்துப் பாருங்கள். நாக்குத் தடுமாறினால் பொய் என்று சொல்லும் இடத்துக்கு, திக்குவாய்ப் பெண்ணை அவள் அப்பாவே கூட்டிக்கொண்டு போகிறார். நைனா முட்டாள் இல்லை. நாக்கைத் திருப்பிக் கொடுத்ததே அந்தப் பிள்ளையார்தான் என்று நம்பினார். கொடுத்தவர் முன்னால் நின்று பேச என்ன பயம்?

நானும் எனக்கு ஒரு கணக்குப் போட்டுக்கொண்டேன். அக்கா எடுக்கவில்லை. எடுக்கவில்லை என்று சொன்னால் அது சத்தியம்தானே. சத்தியத்துக்கு என்ன கெடுதல் வரும்? சொல்லிவிட்டு வந்தால் எல்லாம் முடிந்துபோகும், நான் வாயைத் திறக்கவே வேண்டியதில்லை. முந்தின நாள் அக்காவிடம், தொடையில் தட்டிக்கோ, மெல்ல ஆரம்பி என்று பாடம் வேறு சொல்லிக் கொடுத்தேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நீ போய்ச் சொல்லிவிடு என்று அவள் கேட்கவில்லை.

காலை முதல் பஸ்ஸில் போனோம். நைனா, அக்கா, நான், குடையோடு டீச்சர். டீச்சர் முன் சீட்டில் உட்கார்ந்து வழி முழுக்க ஏதோ ஸ்தோத்திரம் முணுமுணுத்துக்கொண்டு வந்தார். அவருக்கும் இது இஷ்டமில்லாத வேலை என்று இப்போது புரிகிறது. அக்கா குளத்தில் மூன்று முழுக்குப் போட்டாள். ரெட்டைச் சடையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட நடந்து போய்ச் சந்நிதிக்கு நேராக நின்றாள். நாங்கள் நாலடி பின்னால். என் விரல் தன்னால் அசைந்தது. தொட முடியாத தூரம்.

அவள் வலது கை தொடைப் பக்கம் இருந்தது. விரல் ஒரு தடவை மெல்லத் தட்டியது, அப்புறம் அழுத்தி.

"நா-ன் எ-டுக்-கல."

மணி மாதிரி விழுந்தது. ஒரு பிசிறு இல்லை. டீச்சர் முகத்தில் இறுக்கம் விட்டது, கையெடுத்துக் கும்பிட்டார். போதும் என்று தெலுங்கில் சொன்னார். அதோடு நிறுத்தியிருந்தால் போதும். இந்தக் கதையே இல்லை.

நைனாவுக்குத் தலைகால் புரியவில்லை. பெண் பேசின பேச்சில் அப்படி ஒரு பூரிப்பு. எல்லோரும் இன்னும் ஒரு தடவை கேட்கட்டும் என்று நினைத்தாரோ, இனி எந்தச் சந்தேகமும் மிஞ்சக் கூடாது என்று நினைத்தாரோ, ஒரு அடி முன்னால் வைத்து, "யாரு எடுத்தாங்கன்னும் எனக்குத் தெரியாதுன்னு சேத்து சொல்லிடும்மா," என்றார்.

அக்காவின் விரல் நின்றது.

அவளுக்குத் தெரியும். தெரியாது என்று அங்கே நின்று சொன்னால் பொய். தெரியும் என்று சொன்னால் அடுத்த கேள்வி யார் என்பது. அவள் திரும்பவில்லை. நேராகச் சந்நிதியையே பார்த்துக்கொண்டு நின்றாள். காலடியில் தண்ணீர் குட்டையாகச் சேர்ந்தது. உள்ளே தீபாராதனை முடிந்து தட்டு வெளியே வந்தது, அவளைச் சுற்றிக்கொண்டு போயிற்று. நைனா "சொல்லும்மா, சொல்லு" என்றார். அப்புறம் கெஞ்சுகிற மாதிரி "சொல்லிடு" என்றார். பின்னால் வரிசையில் நின்ற ஒரு அம்மாள், நாக்கு நின்று போச்சுடி என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள். எனக்கு நன்றாகக் கேட்டது. நைனாவின் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டு நானும் நின்றேன். என் நாக்குக்கு ஒரு கேடும் இல்லை. ஆறாம் கிளாஸிலேயே சிறந்த உச்சரிப்பு.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. கடைசியில் டீச்சர்தான் குடையை எடுத்துக்கொண்டு, விடுங்கள், குழந்தையை ஈரத்தில் நிற்க வைக்காதீர்கள் என்றார். அவர் கண்ணும் கலங்கியிருந்தது. ஆனால் முடிவு ஆகிவிட்டது என்பதும் அந்தக் குரலில் இருந்தது. பள்ளிக்கூடத்தில் இரக்கப்பட்டு டி.சி.யில் கெட்ட பேர் எழுதாமல் கொடுத்தார்கள். அப்படியும் அந்த வருஷம் யாரும் சேர்க்கவில்லை. மறு வருஷம் அவளே போக மாட்டேன் என்றுவிட்டாள்.

நைனா தன் பெண் திருடி என்று நம்பினார் என்றா நினைக்கிறீர்கள்? அப்படியாவது நம்பியிருக்கலாம். திரும்பி வரும் பஸ்ஸில் அவர் சொன்னது எனக்கு மறக்காது.

"தப்பு எம் மேலதான். சீசன் சீசன்னு மொட்டைய தள்ளிப் போட்டுக்கினே வந்துட்டேன். குடுத்த நாக்க அவரு திருப்பி எடுத்துக்கினாரு."

சொல்லிவிட்டு என் தலையில் கை வைத்து, "நீயாவது படிம்மா," என்றார். நான் சரி என்று தலையாட்டினேன். பக்கத்தில் ஜன்னலோரம் அக்கா ஈரச் சடையோடு உட்கார்ந்திருந்தாள்.

மறுநாளே காணிப்பாக்கம் போய் மொட்டை போட்டுக்கொண்டு வந்தார். அதற்கடுத்த வருஷமும் போட்டார். சாகிற வரைக்கும் வருஷம் தவறாமல் போட்டார். நான் கல்லூரியில் சேர்ந்தபோதும், வேலைக்குப் போனபோதும், கல்யாண போட்டோவிலும் நைனா மொட்டைத் தலையோடுதான் இருக்கிறார். கடைசியாக ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும் இந்த வருஷத்து மொட்டை பாக்கி என்று முனகினார். நான் நாற்காலியைக் கட்டிலுக்குக் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டேன். இப்போதாவது சொல்லு என்று என்னை நானே திட்டிக்கொண்டேன். அப்புறம் நர்ஸ் வந்தாள். அவர் போய்ச் சேர்ந்தார்.

அக்காவை ஏர்பேட்டில் ஒரு விவசாயக் குடும்பத்தில் கொடுத்தார்கள். மாமா நல்ல மனிதர். நிலம், மாடு, இரண்டு பிள்ளைகள். தொடையில் தட்டிக்கொண்டு பேசுவதை அவள் அன்றோடு விட்டுவிட்டாள். ஒரு தடவை, அந்த வருஷமே, கடையில் அவள் மாட்டிக்கொண்டபோது பழக்கத்தில் முதுகில் விரலை வைத்தேன். கையைத் தட்டிவிட்டாள். அதன் பிறகு அவளாகத் திக்கித் திக்கிப் பேசுவாள், இல்லாவிட்டால் சும்மா இருப்பாள்.

இத்தனை வருஷமாக நான் எனக்கு ஒரு கதை சொல்லிக்கொண்டு வந்தேன். அக்கா என்னைக் காப்பாற்றினாள், தன் படிப்பைக் கொடுத்து என் படிப்பைக் காத்தாள், தியாகி. அந்தக் கதையில் அவளுக்குப் பெரிய இடம் கொடுத்திருந்தேன். அவளை அவ்வளவு உயரத்தில் வைத்துவிட்டால் என்னைப் பற்றி யாரும் கேட்க மாட்டார்கள் பாருங்கள். அழகான கதை. கிளாஸில் பிள்ளைகளுக்கு அன், டிஸ், ரி என்று வெட்டிக் காட்டும்போது சில நாள் அவளை நினைத்துக் கண்ணைத் துடைத்துக்கொள்வேன். அது கூட எனக்குப் பிடித்துத்தான் இருந்தது.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ரிடையர் ஆனேன். பொன்னாடை, மாலை, இந்தக் கல்லூரிக்கே உச்சரிப்பு கற்றுக் கொடுத்தவர் என்று ஒரு பேச்சு. மறு வாரம் பழம் வாங்கிக்கொண்டு ஏர்பேட்டுக்குப் போனேன். மாமா வயலுக்குப் போயிருந்தார். அக்கா கூடத்தில் முறத்தை வைத்துக்கொண்டு விதைக்கு வேர்க்கடலை உடைத்துக்கொண்டிருந்தாள். நானும் உட்கார்ந்து நாலு உடைத்தேன். பஸ்ஸில் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்ததை ஒப்பித்தேன். அன்னிக்குக் கோயில்ல நீ என்னைக் காட்டிக் குடுக்காம காப்பாத்தினே, அத நான் மறக்கல அக்கா என்றேன். சொல்லி முடித்ததும் அழுகை வந்தது.

அவள் உடைப்பதை நிறுத்தவில்லை.

"யாரு உன்ன கா... காப்பாத்துனது?" என்றாள்.

நான் நிமிர்ந்து பார்த்தேன். கோபமாக எல்லாம் இல்லை. விதைக்கு ஆகாத சொத்தைக் கடலையைத் தனியாக ஒதுக்கிக்கொண்டே சொன்னாள்.

"நீ வாயத் தொறப்பேன்னு நின்னுக்கினு இருந்தேன். திரும்பிப் பாத்தா நைனாவுக்கு வெளங்கிடும். நீயா சொல்லுவே, சின்னப் பொண்ணு, கொஞ்சம் நேரம் ஆவும்னு..."

அடுத்த வார்த்தை மாட்டிக்கொண்டது. நான் எடுத்துக் கொடுக்கவில்லை. அவளுக்கு வரும் வரைக்கும் இருந்தேன்.

"கா... கால் மரத்துப் போற வரைக்கும் நின்னேன்டி."